பெயர் சுட்டும் பாடகர்: பாப் டிலனின் 'வேர்ல்ட் கான் ராங்' (1993) இசைத்தொகுப்பும் வாய்மொழிப் பாடலின் உரிமையும்

முன்னுரை

வாய்மொழிப் பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை என்பது நாட்டார் வழக்காற்றியலில் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். பாடலை ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாகக் காணும் நல்லெண்ணத்தில் எழுந்த கருத்து இது. எனினும், பாடல் ஒலிப்பதிவாகி விற்பனைப் பொருளான பின்னர் 'ஆசிரியர் இல்லை' என்னும் தொடர் 'உரியவர் இல்லை' என்னும் பொருளையும் பெற்றுவிடுகிறது. அந்நிலையில் ஒரு பாடலை யாரிடமிருந்து பெற்றோம் என்று சொல்வதும் சொல்லாமல் விடுவதும் முறையியல் சார்ந்த சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அறஞ்சார்ந்த சிக்கலாகவும் ஆகின்றன.

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலன் (பி. 1941) 1993 அக்டோபரில் வெளியிட்ட 'வேர்ல்ட் கான் ராங்' என்னும் இசைத்தொகுப்பு இச்சிக்கலை ஆராய்வதற்குரிய நல்ல சான்றாகும். பத்துப் பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பில் ஒலிப்பவை ஒரு குரலும் ஒரு கிதாரும் ஓரிடத்தில் மவுத் ஆர்கனும் மட்டுமே. டிலன் இயற்றிய பாடல் ஒன்றுகூட இதில் இல்லை. அனைத்தும் கதைப்பாடல்களும் புளூஸ் பாடல்களும் பழைய சமயப் பாடல் ஒன்றுமாகும். ஆனால் அவரே எழுதிய பாடற்குறிப்புகள் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. 2016ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற ஒருவரின் படைப்புகளுள், அவர் ஒரு வரியும் எழுதாத இத்தொகுப்புக்கு உரிய இடம் யாது என்பதையும், அதன் குறிப்புகள் வாய்மொழிப் பாடலின் உரிமை குறித்து உணர்த்துவன யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1992ஆம் ஆண்டுச் சூழல்

1962 மார்ச்சு மாதம் வெளிவந்த டிலனின் முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற பதின்மூன்று பாடல்களுள் இரண்டு மட்டுமே அவர் இயற்றியவை. ஏனையவை பிறரிடமிருந்து கற்றவை. அடுத்த ஈராண்டுகளில் அவர் தம் பாடல்களாலேயே உலகறிந்தவரானார். அப்பாடல்களுக்கும் பழைய மெட்டுகளே அடிப்படையாக அமைந்தன. 'புளோயிங் இன் த விண்ட்' என்னும் புகழ்பெற்ற பாடலின் மெட்டு, அடிமை வணிகத்திற்கு எதிரான 'நோ மோர் ஆக்ஷன் பிளாக்' என்ற கறுப்பின மக்களின் பாடலிலிருந்து கிளைத்தது. 'மாஸ்டர்ஸ் ஆப் வார்' பாடலின் மெட்டு 'நாட்டமன் டவுன்' என்னும் பழம்பாடலுக்குரியது. கென்டக்கி மலைப்பகுதியில் அதனைத் தம் குடும்ப வழக்காகப் பாடிவந்த ஜீன் ரிச்சி இதனைச் சுட்டிக்காட்டினார். எனவே மரபிலிருந்து பெறுதலும் அதுபற்றிய கேள்வியும் டிலனின் தொடக்கக் காலம் முதலே உடன் வந்தவை என்பதை அறியமுடிகிறது.

1990இல் வெளிவந்த 'அண்டர் த ரெட் ஸ்கை' தொகுப்பு பெரும் வரவேற்பைப் பெறவில்லை. அதன்பின் ஏழாண்டுகள் அவர் தம் புதிய பாடல்களைக் கொண்ட தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. 1992 அக்டோபரில் நியூயார்க்கு மேடிசன் சதுக்க அரங்கில், அவருடைய இசைப்பணியின் முப்பதாம் ஆண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் புகழ்பெற்ற இசைஞர் பலர் அவருடைய பாடல்களைப் பாடினர். அவரோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, கலிபோர்னியாவின் மாலிபூவில் உள்ள தம் இல்லத்தின் வண்டிக்கொட்டகையை ஒலிப்பதிவுக்கூடமாக்கிக்கொண்டு, பிறர் பாடல்களைத் தனியே பாடிப் பதிவு செய்திருந்தார். மைக்கேஜா ரையன் என்னும் பொறியாளர் அவற்றை ஒலிப்பதிவு செய்தார். அவ்வாறு உருவானவையே 1992இல் வெளிவந்த 'குட் ஆஸ் ஐ பீன் டு யூ', 1993இல் வெளிவந்த 'வேர்ல்ட் கான் ராங்' ஆகிய இரு தொகுப்புகளும். 1964க்குப் பின்னர் அவர் கிதாருடன் தனித்துப் பாடி வெளியிட்ட தொகுப்புகள் இவையே.

மின்னிசைக் கருவிகளைத் தவிர்த்துப் பாடுவது அக்காலத்தில் வணிக வழக்காகவும் பரவியிருந்தது. 1992இல் எரிக் கிளாப்டன் வெளியிட்ட 'அன்பிளக்டு' பெருவிற்பனை கண்டது. ஆனால் அவ்வகை நிகழ்ச்சிகளில் பாடகர் தம் பழைய பாடல்களையும் தமக்குப் பிடித்தமான சில பாடல்களையும் அரங்கத்தார் முன் மென்மையாக மீட்டுருவாக்குவார். டிலனின் தொகுப்புகளில் அரங்கமும் கைதட்டலும் இல்லை. விரல்கள் நரம்பில் உரசும் ஓசையும் மூச்சிழுக்கும் ஓசையும் தேய்ந்த குரலின் கரகரப்பும் அப்படியே கேட்கின்றன. ஒருவர் தமக்குத் தாமே பாடிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கேட்பது போன்ற நெருக்கம் இதனால் உண்டாகிறது. இந்நெருக்கத்தைப் பாடகரின் அந்தரங்க வெளிப்பாடு என்று கொள்வதே பொதுவான வழக்கம். ஆயினும், இத்தொகுப்பில் நாம் நெருங்கிச் செல்வது டிலனை மட்டுமன்று. அவருக்கு முன் இப்பாடல்களைப் பாடியவர்களையும் ஆகும்.

பெயர் சுட்டாத தொகுப்பு

1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடற்குறிப்புகள் எவையும் இல்லை. பாடல்களுள் பெரும்பாலானவை 'மரபுப் பாடல். இசையமைப்பு: பாப் டிலன்' என்னும் முறையிலேயே குறிக்கப்பட்டன. பதிப்புரிமை நடைமுறையில் இக்குறிப்புக்குத் தனிப் பொருள் உண்டு. மூலப்பாடல் எவருக்கும் உரியதன்று என்று கொள்ளப்படும்போது, அதற்கு இசை வடிவம் அமைத்தவராகப் பதிவு செய்துகொள்பவர் அவ்வடிவத்திற்குரிய உரிமைத்தொகையைப் பெறும் நிலை உருவாகிறது. எனவே 'மரபு' என்ற ஒரு சொல் யாரை மறைக்கிறது என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது.

இத்தொகுப்பில் அவ்வினா உடனே எழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதியின் கூற்றாக அமைந்த 'ஜிம் ஜோன்ஸ்' பாடலின் இசை வடிவம், ஆஸ்திரேலிய இசைஞர் மிக் ஸ்லோகம் அமைத்தது. இதுகுறித்து உரிமைச் சிக்கல் எழுந்தது. 'கானடீ-ஐ-ஓ' பாடலின் கிதார் நடை, இங்கிலாந்துப் பாடகர் நிக் ஜோன்ஸ் 1980இல் வெளியிட்ட 'பெங்குவின் எக்ஸ்' இசைத்தட்டின் வடிவத்தை ஒத்திருப்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டினர். நிக் ஜோன்ஸ் 1982இல் நேர்ந்த சாலை விபத்தில் கடுமையாகக் காயமுற்று மேடையை விட்டு நெடுங்காலம் விலகியிருந்தவர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 'ஆர்தர் மெக்பிரைடு' என்னும் அயர்லாந்துக் கதைப்பாடல் பால் பிராடியின் வடிவத்தால் புகழ்பெற்றது. இப்பாடல்களின் சொற்கள் பழையவை. கேட்போர் செவியில் பதிந்த வடிவங்களோ வாழும் கலைஞர்களின் உழைப்பால் உருவானவை. மரபு என்பது எங்கு முடிகிறது, கலைஞரின் ஆக்கம் எங்குத் தொடங்குகிறது என்னும் எல்லை இவ்விடத்தில் மங்கிவிடுகிறது.

பாடற்குறிப்பும் பாடவேறுபாடும்

அடுத்த ஆண்டில் வெளிவந்த தொகுப்பு இந்நிலையிலிருந்து முற்றிலும் மாறுபடுகிறது. 'வேர்ல்ட் கான் ராங்' தொகுப்பில், பாடல்கள் எவை பற்றியன என்பதை விளக்கும் குறிப்புகளை டிலனே எழுதியுள்ளார். தொடர்கள் தாவிச் செல்லும் அங்கத நடையில் அவை அமைந்திருப்பினும், அவற்றுள் ஓர் ஒழுங்கு உள்ளது. ஒவ்வொரு பாடலையும் பற்றிக் கூறும்போது அது யாருடைய வடிவம் என்பதைச் சுட்டிச் செல்கிறார். அவர் தரும் செய்திகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

தலைப்புப் பாடலும் 'பிளட் இன் மை ஐஸ்' பாடலும் மிசிசிப்பி ஷீக்ஸ் குழுவினருடையவை. 'லவ் ஹென்றி', 'ஜாக்-ஏ-ரோ' ஆகிய கதைப்பாடல்கள் டாம் பேலி பாடிவந்தவை. 'பிரோக் டவுன் இன்ஜின்' பிளைண்ட் வில்லி மெக்டெல்லின் பாடல். 'ஸ்டாக் ஏ லீ' பிராங்க் ஹட்சிசனின் வடிவம். 'டூ சோல்ஜர்ஸ்' என்னும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதைப்பாடலைத் தமக்குக் காட்டியவர் ஜெரி கார்சியா என்கிறார். ஹேசல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்ட் இணையரின் வடிவத்தையும் ஒப்பிடுகிறார். 'லோன் பில்கிரிம்' டாக் வாட்சனின் பழைய இசைத்தட்டிலிருந்து பெற்றது. 'ராகட் அண்ட் டர்ட்டி' பாடலைப் பாடியவரை வில்லி பிரவுன்களுள் ஒருவர் என்று குறிக்கிறார். 'டீலியா' பாடல் இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள வடிவங்களின் கலப்பு என்கிறார்.

இறுதியாகச் சுட்டப்பட்ட இரண்டும் ஆய்வுநோக்கில் முதன்மையானவை. 1942இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற்காக ஆர்கன்சா மாநிலத்தில் வில்லி பிரவுன் என்பவரிடம் 'ராகட் அண்ட் டர்ட்டி' பாடலைப் பதிவு செய்தார். மிசிசிப்பிப் புளூஸ் வரலாற்றில் அறியப்படும் வில்லி பிரவுனும் இவரும் ஒருவரா இருவரா என்பது விவாதத்திற்குரியது. ஔவையார் ஒருவரா பலரா என்று ஆராய்ந்து பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு, 'வில்லி பிரவுன்களுள் ஒருவர்' என்னும் சொல்லாட்சியின் எச்சரிக்கை எளிதில் விளங்கும். அவ்வாறே 'டீலியா' பற்றிய குறிப்பு, பல சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை உருவாக்கிய பதிப்பாசிரியர் அதனை மறைக்காமல் சொல்வதற்கு ஒப்பானதாகும். இவ்வகையில் டிலன் இத்தொகுப்பில் பாடகராக மட்டுமின்றிப் பாடவேறுபாடு அறிந்த பதிப்பாளராகவும் செயல்படுகிறார் எனலாம்.

மாற்றம் செய்யும் இடங்களிலும் இந்த அறிவு புலப்படுகிறது. மிசிசிப்பி ஷீக்ஸ் 1931இல் பதிவு செய்த பாடலின் தலைப்பு 'த வேர்ல்ட் இஸ் கோயிங் ராங்'. உலகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். டிலன் அதனைக் கெட்டுப்போன உலகம் என்னும் பொருள்பட மாற்றினார். நிகழ்ந்துகொண்டிருப்பது முடிந்துபோனதாகிறது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கறுப்பின இசைஞர்கள் காதல் முறிவைப் பாடிய ஒரு பாடல், இவ்வொரு கால மாற்றத்தால் தொகுப்பு முழுமைக்குமான முகப்பாகிவிடுகிறது. 1992ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இக்குழுவினர் 1930இல் பதிவு செய்த 'சிட்டிங் ஆன் டாப் ஆப் த வேர்ல்ட்' இடம்பெற்றிருந்தது. அங்குக் குறிப்பின்றி ஒலித்த குழுவினர், ஓராண்டுக்குப்பின் பெயரும் பாராட்டும் பெற்றனர்.

இப்பாடல்கள் டிலனை வந்தடைந்த வழியும் கருதத்தக்கது. பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் தொகுதியில் 305 பாடல்கள் வடிவ வேறுபாடுகளுடன் இடம்பெற்றன. அதில் 68ஆவதான 'யங் ஹன்ட்டிங்' பாடலின் அமெரிக்கக் கிளையே 'லவ் ஹென்றி'. இதன் மற்றொரு கிளையான டிக் ஜஸ்டிஸ் பாடிய 'ஹென்றி லீ', ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 'அமெரிக்க நாட்டார் இசைத் திரட்டின்' முதற்பாடலாகும். ஹட்சிசனின் 'ஸ்டாக்கலீ' பாடலும் அத்திரட்டில் உண்டு. 84 பழைய வணிக ஒலிப்பதிவுகளைக் கொண்ட அத்திரட்டு, 1950களிலும் 1960களிலும் இளம் பாடகர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. எனவே டிலன் சார்ந்து நிற்கும் மரபு தூய வாய்மொழி மரபன்று. ஏடும் இசைத்தட்டும் வாய்மொழியும் ஒன்றோடொன்று கலந்த மரபு.

டீலியா: பாடலுக்கு அப்பால் ஒரு சிறுமி

இப்பாடல்களுள் சில மெய்யான மரணங்களிலிருந்து பிறந்தவை. 1895 டிசம்பர் 25 இரவு, செயின்ட் லூயி நகர மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்சைச் சுட்டுக்கொன்றார். பூசலின்போது லயன்ஸ் பறித்த தொப்பி, பாடல் மரபில் கதையின் மையப்பொருளாயிற்று. ஷெல்டன் 1912இல் சிறையில் இறந்தார். அதற்குள் 'ஸ்டாக் லீ' கதை வாய்மொழியில் பரவிவிட்டது. கறுப்பின மக்களிடையே தோன்றிய அக்கதையை 1927இல் இசைத்தட்டில் பாடிய ஹட்சிசன், மேற்கு வர்ஜீனியாவின் வெள்ளையினச் சுரங்கத் தொழிலாளி. ஒரு கொலையின் நினைவு இன எல்லையைத் தாண்டிச் சென்றதற்கு இது சான்றாகும்.

'டீலியா' பாடலின் பின்னணி இன்னும் துயரமானது. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில், ஜார்ஜியா மாநிலம் சவானா நகரில் ஒரு வீட்டில் நிகழ்ந்த வாய்த்தகராறில், டீலியா கிரீன் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமி சுடப்பட்டாள், மறுநாள் இறந்தாள். சுட்டவன் ஏறத்தாழ அவள் வயதே உடைய மோசஸ் ஹூஸ்டன். அவனுக்கு வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1913இல் அவன் விடுவிக்கப்பட்டான். பாடலின் பிறப்பிடம் சவானா என்பதை 1920களில் நாட்டார் பாடல் ஆய்வாளர் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் கண்டறிந்தார். பின்னாளில் ஜார்ஜியாப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஜான் கார்ஸ்ட் வழக்கு ஆவணங்களையும் செய்தித்தாள்களையும் தேடி நிகழ்வை உறுதிப்படுத்தினார். டீலியாவின் கல்லறை நெடுங்காலம் அடையாளக் கல்லின்றியே இருந்தது. வரலாற்றாசிரியர் ஷான் விலன்ட்ஸ் 2010இல் வெளியிட்ட டிலன் பற்றிய நூலில் இப்பாடலுக்கெனத் தனி இயலே ஒதுக்கியுள்ளார்.

கல்லறைக்குக் கல் இல்லாதபோதும் பெயர் மட்டும் நூறாண்டுகள் பாடலில் நின்றது. ஆனால் எவ்வாறு நின்றது என்பது பாடுபவரைப் பொறுத்தது. 1994இல் மற்றொரு மூத்த பாடகரான ஜானி கேஷ், கிதாருடன் தனித்துப் பாடிய 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' தொகுப்பை 'டீலியாஸ் கான்' என்னும் பாடலுடன் தொடங்கினார். அதே சிறுமியின் கதைதான். கேஷின் வடிவம் கொலையாளியின் தன்மைக் கூற்றாக அமைந்தது. அவன் உள்ளத்தின் கொடுமையையும் அதன்பின் தொடரும் குற்றவுணர்வையும் அது காட்டுகிறது. டிலனின் வடிவத்தில் நீதிமன்றமும் சிறையும் பெற்றோரின் துயரும் வந்து செல்கின்றன. உற்றார் அனைவரையும் இழந்த ஒருவரின் புலம்பல் பல்லவியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அப்புலம்பல் யாருடையது என்பது தெளிவாக்கப்படவில்லை. கையற்று நிற்கும் எவருக்கும் அது பொருந்தும். முன்னதில் டீலியா கொலையின் காரணமாகிறாள், பின்னதில் இழப்பாகிறாள். இவ்வேறுபாட்டில் டிலனின் மெல்லிய குரலும் விரைவற்ற கிதாரும் பொருள் பெறுகின்றன. முழு இசைக்குழு இருந்திருப்பின் இப்பாடல் நாடகமாகியிருக்கும். தனிக்குரலில் அது கையறுநிலையாகிறது.

1995இல் நடைபெற்ற கிராமி விருது விழாவில் டிலனின் தொகுப்பு மரபுவழி நாட்டார் இசைக்கான விருதையும், கேஷின் தொகுப்பு தற்கால நாட்டார் இசைக்கான விருதையும் பெற்றன. ஒரே சிறுமியைப் பாடிய இரு தொகுப்புகள் 'மரபு' எனவும் 'தற்காலம்' எனவும் பிரிக்கப்பட்டமை அவ்வகைப்பாடுகளின் நெகிழ்வைக் காட்டுகிறது.

பெயர் சுட்டலின் எல்லை

டிலனின் இச்செயலை மிகைப்படுத்தவும் கூடாது. குறிப்பில் ஒருவரைப் பாராட்டுவது வேறு. உரிமைத்தொகையில் அவருக்கோ அவர் வழியினருக்கோ பங்களிப்பது வேறு. மேலும், அவருடைய குறிப்புகள் பாடியவர்களைச் சுட்டுகின்றனவே தவிர, டீலியா கிரீன், பில்லி லயன்ஸ் போன்றோரின் மெய்வரலாற்றுக்குள் செல்வதில்லை. அது ஆய்வாளர் செய்யவேண்டிய பணியாக எஞ்சியது.

பெயர் சுட்டும் வழக்கத்தை அவர் தொடரவுமில்லை. 2001இல் வெளிவந்த 'லவ் அண்ட் தெப்ட்' தொகுப்பில் ஜப்பானிய எழுத்தாளர் ஜுன்இச்சி சாகாவின் நூற்றொடர்களும், 2006இல் வெளிவந்த 'மாடர்ன் டைம்ஸ்' தொகுப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஹென்றி டிம்ராடின் தொடர்களும் கலந்துள்ளமையை வாசகர்களே கண்டறிந்தனர். எனினும், 1993ஆம் ஆண்டுத் தொகுப்பு அவருடைய பிற்காலப் படைப்புக்கு ஊற்றாயிற்று என்பதில் ஐயமில்லை. 1997இல் 'டைம் அவுட் ஆப் மைண்ட்' என்னும் புதிய பாடல்களின் தொகுப்பு வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றது. 2015இல் ஒரு விருது விழாவில் ஆற்றிய உரையில், தம் பாடல்கள் மரபுப் பாடல்களை இடைவிடாது பாடியதன் விளைவே என்று அவர் எடுத்துரைத்தார். 2017இல் வழங்கிய நோபல் உரையில் ஸ்டாக் லீயையும் பிராங்கியையும் நினைவுகூர்ந்து, நாட்டார் பாடலின் மொழியைக் கற்றதே தமக்கு அடித்தளம் என்றார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. 'வேர்ல்ட் கான் ராங்' தொகுப்பின் நெருக்கம் பாடகரின் அந்தரங்கத்தை வெளிப்படுத்துவதோடு அமையாது, பாடல்களைக் கையளித்தவர்களையும் கேட்போர்க்கு அருகில் கொண்டுவருகிறது.

2. 1992ஆம் ஆண்டுத் தொகுப்புக்கும் 1993ஆம் ஆண்டுத் தொகுப்புக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு இசையில் இல்லை. மூலத்தைச் சுட்டுவதில் உள்ளது. 'மரபு' என்று பொதுமையில் அடக்கப்பட்டவர்கள் பின்னதில் பெயர் பெறுகின்றனர்.

3. வாய்மொழிப் பாடலுக்கு நிகழ்வில் வாழ்ந்தவர், பாடலை வடிவமைத்தவர், இன்று பாடுபவர் என மூவகை உரியோர் உளர். பாடகரின் குறிப்பு இரண்டாமவரையும், ஆய்வாளரின் தேடல் முதலாமவரையும் மீட்கின்றன.

பெயர் அறியப்படாத புலவரையும் அவர்தம் பாடலில் பயின்ற தொடரால் செம்புலப்பெயல்நீரார் எனப் பெயரிட்டுத் தொகுத்தது நம் தொகைநூல் மரபு. நா. வானமாமலை பதிப்பித்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' (1964) நூலில் பாடல்களின் கீழ்ச் சேகரித்தவர் பெயரும் இடமும், சிலவற்றில் உதவியவர் பெயரும் தரப்பட்டுள்ளன. பாடியவரின் பெயரையும் அவ்வாறே தவறாது பதிவு செய்வது களஆய்வாளரின் கடமையாகும். பாடல் பதிவாகும் நாளில் ஒரு வரியில் எழுதிவைக்கக்கூடிய பெயரை, நூறாண்டுகள் கழித்து வழக்கு ஆவணங்களில் தேடவேண்டிய நிலை இனியொரு பாடலுக்கு நேர்தல் ஆகாது.